கருப்புப் பாலத்துக்கு ஆள் கூட்டி வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிராண்ட் கேன்யனுக்கு வார இறுதிகளில் குழு சேர்த்து நடைபயணம் அழைத்து வரும் ஒருங்கிணைப்பாளர்களே, நண்பர்களே,

வணக்கம். உங்களில் சிலரை எனக்கு நேரில் தெரியும், பலரை அறிவிப்புகள் வழியாகத்தான் தெரியும். விடிவதற்கு முன் கிளம்பி, பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி, கொலராடோ ஆற்றுப் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் மேலே வந்துவிடலாம், ஓரளவு நடக்கத் தெரிந்த யாரும் வரலாம் என்று நீங்கள் போடும் அறிவிப்பைப் பார்த்துத்தான் நானும் முதல் தடவை போனேன். அதன்பின் பல தடவை போயிருக்கிறேன். உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழுவில் கடைசியாக வருபவர் வந்து சேரும்வரை யாரும் அந்தப் பாலத்தைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான் கோரிக்கை. ஏன் இதை இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்பதைச் சொல்லத்தான் மீதி மடல்.

பாலத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். பார்க்காதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். சவுத் கைபாப் பாதையில் இறங்கும்போது டிப்ஆஃப் என்ற இடத்தைத் தாண்டிக் கீழே வந்ததும் பாலம் ஆற்றின் மேல் இழுத்துக் கட்டிய நூல் மாதிரி தெரியும், கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருக்கும், ஆனால் வளைந்து வளைந்து இறங்க இறங்க அது கிட்டவே வராது. கடைசியில் பாதை ஒரு பாறைக்குள் நுழைகிறது. குடைந்து எடுத்த சின்னச் சுரங்கம். வெளியே பல மணிநேரம் வெயிலில் கிடந்த கண்ணுக்கு உள்ளே ஒன்றுமே தெரியாது, காலடிச் சத்தமும் சுவரின் குளிர்ச்சியும் மட்டும்தான். நாலு எட்டு வைத்தால் எதிரே வெளிச்சம், அந்த வெளிச்சத்துக்குள் நேராகப் பலகைத் தளம், இரண்டு பக்கமும் கம்பி வலை, மேலே வடங்கள். சுரங்கத்தை விட்டு ஓர் அடி எடுத்து வைத்தால் ஆற்றின் மேல் நிற்கிறீர்கள். தளத்தில் கோவேறு கழுதைகளின் குளம்பு பட்டுப் பட்டு மரம் தேய்ந்திருக்கும், சாண வாசமும் இருக்கும். கீழே தண்ணீர் பெரும்பாலும் பச்சையாக ஓடும். 1963-ல் மேலே கிளென் கேன்யன் அணையை மூடிய பிறகு வந்த நிறம் அது. வண்டலெல்லாம் அணைக்குப் பின்னால் தங்கிவிடுகிறது, அடியாழத்துக் குளிர்ந்த தண்ணீர் மட்டும் இங்கே வருகிறது. பக்கத்து ஓடைகளில் மழை பெய்தால் ஆறு மறுபடி தன் பழைய செம்மண் நிறத்துக்குத் திரும்பிவிடும். இரண்டையும் பார்த்திருக்கிறேன். எது அழகு என்று கேட்டால் எனக்குச் சிவப்புதான்.

அங்கே இரண்டு பாலங்கள் இருப்பதால் புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள். நான் சொல்வது கருப்புப் பாலம், அதாவது 1928-ல் கட்டி முடித்த கைபாப் தொங்குபாலம், 440 அடி நீளம். கொஞ்ச தூரம் ஆற்றோட்டத்தோடு போனால் வெள்ளிப் பாலம் வரும். அது 1960-களின் கடைசியில் தண்ணீர்க் குழாயைத் தாங்குவதற்காகக் கட்டியது. அதன் தளம் இரும்புச் சல்லடை, காலுக்குக் கீழே ஆறு அப்படியே தெரியும், அதனால் கழுதைகள் அதில் கால் வைக்காது. உங்கள் குழுக்கள் கருப்பில் கடந்து, வெள்ளியில் திரும்பி, பிரைட் ஏஞ்சல் பாதையில் ஏறுகின்றன. நல்ல வழிதான், அதில் எனக்கு ஒன்றும் குறை இல்லை.

சரி, அந்தக் கருப்புப் பாலத்தைத் தாங்கும் வடங்களின் கதைக்கு வருகிறேன். என் கோரிக்கை அதிலிருந்துதான் வருகிறது.

பாலம் வருவதற்கு முன் ஆற்றைக் கடப்பது பெரும்பாடாக இருந்தது. 1907-ல் டேவிட் ரஸ்ட் என்பவர் கரைக்குக் கரை கம்பி கட்டி ஒரு கூண்டைத் தொங்கவிட்டார், ஒரு நேரத்தில் ஒரு கழுதையை ஏற்றி இழுப்பார்கள். 1921-ல் ஒரு லேசான தொங்குபாலம் போட்டார்கள். அது காற்றில் ஊஞ்சல் மாதிரி ஆடியது, கழுதைகளை ஒவ்வொன்றாகத்தான் அனுப்ப முடிந்தது. பிறகுதான் ஆடாத பாலம் ஒன்று வேண்டும் என்று இப்போதுள்ளதைக் கட்டினார்கள். மற்ற சாமான்களைப் பிரித்துக் கழுதை முதுகில் ஏற்றிவிடலாம். தாங்கு வடங்களை என்ன செய்வது? ஒவ்வொன்றும் ஏறக்குறைய 550 அடி நீளம், ஒன்றரை அங்குலத் தடிமன், எடை ஒரு டன்னை ஒட்டி. வெட்டவும் முடியாது, சுருட்டி ஏற்றினால் எந்தக் கழுதையும் தாங்காது. அந்த மாதிரி எட்டு வடங்கள்.

அவற்றை ஹவாசுபாய் பழங்குடியைச் சேர்ந்த 42 பேர் தோளில் சுமந்து இறக்கினார்கள். வடத்தை நீளமாக விரித்து, வரிசையாக நின்று, ஆளுக்கு ஒரு தோள் கொடுத்து, பள்ளத்தாக்கின் விளிம்பிலிருந்து ஆறு வரைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆளுக்கு 50 பவுண்டுக்கு மேல் வருகிறது, ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே 13 அடி. எடையைக்கூட விட்டுவிடுங்கள், வளைவுகளை நினைத்துப் பாருங்கள். கைபாப் பாதை எப்படி மடங்கி மடங்கி இறங்கும் என்று உங்களுக்கே தெரியும். முன்னால் போகிறவர்கள் வளைவில் திரும்பிக் கிழக்கே நடக்கும்போது பின்னால் வருகிறவர்கள் இன்னும் மேற்கே நடந்துகொண்டிருப்பார்கள், நடுவில் ஒரு டன் இரும்பு வளைகிறது. முன்னால் ஒருவர் வேகமாக எட்டு வைத்தால் பின்னால் இருப்பவர் இழுபட்டு விழுவார். பின்னால் ஒருவர் நின்றால் முழு வரிசையும் நிற்க வேண்டும். 42 பேரில் யார் பலசாலி, யார் வேகக்காரர் என்பதற்கு அங்கே மதிப்பே இல்லை. வடத்தைத் தோளில் வைத்த நிமிடத்திலிருந்து எல்லாருக்கும் ஒரே வேகம்தான், தடுமாறுகிறவரின் வேகம்.

இதை எட்டு வடங்களுக்கும் செய்தார்கள். நீங்கள் குழுப்படம் எடுக்க நிற்கும்போது தலைக்கு மேல் தெரிவது அந்த வடங்கள்தான்.

இப்போது என் கதை. யார் மேலும் பழி போட இதை எழுதவில்லை, எந்தக் குழு என்றும் சொல்லப் போவதில்லை. அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு.

மே மாதக் கடைசி. பதினொரு பேர் கிளம்பினோம். கைபாப் தொடக்கத்துக்குச் சொந்த வண்டியில் போக முடியாது என்பதால் அதிகாலைப் பேருந்தில் ஏறி, முதல் வெளிச்சத்தில் இறங்க ஆரம்பித்தோம். சீடர் ரிட்ஜ் வரை எல்லாரும் ஒன்றாகத்தான் இருந்தோம், பேச்சும் சிரிப்புமாக. ஸ்கெலட்டன் பாயிண்டில் ஆறு முதல்முறையாகக் கண்ணில் பட்டதும் எங்களில் சிலருக்குக் கால் பரபரத்தது. எனக்கும்தான். இறக்கம் வேறு, கால் தானாக ஓடுகிறது. குழுவில் ஐம்பது வயதைத் தொடும் ஓர் அக்கா இருந்தார், கல்லூரியில் படிக்கும் மகனோடு வந்திருந்தார். அக்காவுக்கு முட்டி வலி. "தம்பி, நீங்க போங்க, நான் மெதுவா வந்துடுறேன்" என்றார். நாங்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டோம். அந்த வார்த்தையை நான் பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். கூட வருகிறவர்களுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைக்கிற எவரும் சொல்வது அதுதான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பாலத்துக்கு எட்டுப் பேர் வந்து சேர்ந்தோம். படம் எடுத்தோம். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது, எட்டுப் பேரும் கை தூக்கி நிற்கிறோம், நான் வலது ஓரம். "மத்தவங்க வந்துருவாங்க, நாம போய்க்கிட்டே இருப்போம், வெயில் ஏறிடும்" என்றார் கூட்டி வந்தவர். ஏழு பேர் வெள்ளிப் பாலத்தைப் பார்த்து நடந்தார்கள். நானும் கூடவே கொஞ்ச தூரம் நடந்தேன். அப்புறம் ஏனோ மனசு கேட்கவில்லை, திரும்பிப் பாலத்தைக் கடந்து, சுரங்கத்துக்குள் நுழைந்து, மறுபடி மேலே ஏறினேன்.

ஏறக்குறைய ஒரு மைல் மேலே, பாதையோரத்தில், ஒரு பாறை கொடுத்த ஒரு முழ நிழலில் அக்கா உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். மகன் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தான். கூட நின்ற நண்பர் ஒருவர்தான் அந்த மூன்றாவது ஆள், அவர் மட்டும்தான் எங்களில் சரியாக நடந்துகொண்டவர். அக்காவுக்குத் தலைவலி, குமட்டல், கேட்ட கேள்விக்குப் பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது. தண்ணீர் குடிக்கவில்லையா என்றேன். குடித்திருக்கிறார், நிறையவே குடித்திருக்கிறார், வெறும் தண்ணீரை மட்டும். காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. எதிரே ஏறி வந்த வயதான ஒரு பெண்மணி நின்று, எவ்வளவு குடித்தார், என்ன சாப்பிட்டார், சிறுநீர் போனாரா என்று மூன்று கேள்வி கேட்டார். தன் பையிலிருந்து உப்பு ஒட்டிய பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்து, தண்ணீரை நிறுத்திவிட்டு முதலில் இதை மெல்லச் சொல்லுங்கள் என்றார். வியர்வையில் உப்பு வெளியேறிக்கொண்டே இருக்கும்போது வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பார்ப்பதற்கு வெயில் மயக்கம் மாதிரியேதான் இருக்கும், அதனால் பக்கத்தில் இருப்பவர்கள் இன்னும் இன்னும் தண்ணீர் கொடுத்து நிலைமையை மோசமாக்குவார்கள். நானும் அதைத்தான் செய்யப் போனேன்.

பிஸ்கட்டை மென்று, சட்டையை நனைத்து, அரை மணி உட்கார்ந்து, அப்புறம் மெல்ல இறங்கினோம். சுரங்கத்துக்குள் ஒரு நேரம் உட்கார்ந்தோம், பாலத்தைக் கடக்க அக்காவுக்குப் பத்து நிமிடம் ஆனது. அக்கரையில் இருந்த தேசியப் பூங்கா ரேஞ்சர் அவரைப் பார்த்துவிட்டு, வெயில் இறங்கும்வரை கிளம்பவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பிரைட் ஏஞ்சல் ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். இருட்டியபின் நெற்றி விளக்கோடு ஏறி, மேலே வரும்போது மணி இரவு ஒன்றே முக்கால். கூட வந்தவர்கள் அறைக்குப் போய்த் தூங்கிவிட்டிருந்தார்கள். கீழே கைபேசிச் சிக்னல் கிடையாது, எங்களுக்கு என்ன ஆனது என்று அவர்களுக்குத் தெரிய வழியும் இல்லை.

அக்கா பிழைத்துக்கொண்டார், நன்றாக இருக்கிறார். ஆனால் அந்தப் பெண்மணி அந்த நேரத்தில் அந்த வளைவில் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் என்னால் அந்தப் படத்தைப் பார்க்க முடிவதில்லை.

மலையேற்றத்தில் பழகியவர்கள் இந்த இடத்தில் ஏமாறுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மலையில் முதலில் ஏற்றம், அப்புறம் இறக்கம். முடியாதவர் பாதியில் திரும்பிவிடலாம், திரும்பும் வழி சுலபம். பள்ளத்தாக்கில் எல்லாம் தலைகீழ். கைபாப் பாதையில் ஆறரை மைலில் 4,700 அடி இறங்குகிறீர்கள், உடம்பு தெம்பாக இருக்கும் காலை நேரம் முழுக்க இறக்கம், முடியாது என்று உடம்பு சொல்லும்போது நீங்கள் ஏற்கெனவே அடியில் நிற்கிறீர்கள். அங்கிருந்து பிரைட் ஏஞ்சல் வழியாக ஒன்பது மைலுக்கு மேல் ஏற்றம் மிச்சம். இறங்கிய நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஏறுவதற்கு வேண்டும் என்றுதான் பூங்காக்காரர்களே கணக்குச் சொல்கிறார்கள். வெயிலும் அதேபோலத் தலைகீழ். ஜூலையில் தென்விளிம்பில் சராசரி உச்சவெப்பம் 84 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் ஆற்றங்கரையில் 106, அதாவது செல்சியஸில் 41. மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளம்புகிறவருக்குக் கீழே இப்படி ஓர் அடுப்பு இருப்பது புரிவதே இல்லை. பாலத்தைச் சுற்றியுள்ள கரும்பாறைக்கு விஷ்ணு ஷிஸ்ட் என்று பெயர், 170 கோடி ஆண்டுப் பழையது, நம் காதுக்குப் பழகிய பெயராக இருப்பதால் நம்மவர்கள் எல்லாருமே அதை ஆசையாகத் தொட்டுப் பார்ப்பார்கள். பகலில் குடித்த வெயிலை அது இரவு வரைக்கும் கக்கிக்கொண்டிருக்கும்.

தண்ணீர் விஷயமும் உண்டு. கைபாப் பாதையில் வழித் தண்ணீரை நம்பி இறங்க முடியாது, இது உங்களுக்குத் தெரியும், ஆனால் கூட வருகிறவர்களுக்குத் தெரியுமா? பிரைட் ஏஞ்சல் பாதையில் குழாய் உண்டு, ஆனால் அந்தக் குழாய்க்கு வரும் தண்ணீர் வடபக்கத்து ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து பன்னிரண்டரை மைல் நீளக் குழாயில் வருகிறது. வெள்ளிப் பாலத்துக்கு அடியில் ஆற்றைத் தாண்டி வருவது அந்தக் குழாய்தான். வயதான குழாய். 2010-க்குப் பிறகு மட்டும் 85 தடவைக்கு மேல் பெரிதாக உடைந்திருக்கிறது, இப்போது மாற்றும் வேலை நடக்கிறது. அதனால் "வழியில் பிடித்துக்கொள்ளலாம்" என்று பொதுவாகச் சொல்லி வைக்காதீர்கள். கிளம்பும் முந்தைய நாள் இரவு எந்தக் குழாயில் வருகிறது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார், "எல்லாரும் வயசு வந்தவங்கதானே, அவங்கவங்க உடம்பு அவங்கவங்க பொறுப்பு." தனியாக வருகிறவருக்கு அது சரி. ஆனால் உங்கள் அறிவிப்பைப் பார்த்து வருகிறவர் தன் பயத்தை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறார். விளிம்பில் இருக்கும் எச்சரிக்கைப் பலகை, ஒரே நாளில் ஆறு வரை போய்த் திரும்ப முயலாதீர்கள் என்று பச்சையாகச் சொல்கிறது. அதைப் படித்துவிட்டும் அவர் இறங்குகிறார் என்றால், "இவங்க பலமுறை போய் வந்தவங்க, பார்த்துக்குவாங்க" என்ற நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கையை வாங்கிக்கொண்டு பொறுப்பை மட்டும் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆண்டுக்கு 250 பேருக்கு மேல் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து மீட்கப்படுகிறார்கள். அந்த மீட்பு வேலை செய்கிறவர்களும் அதே வெயிலில்தான் நடந்து வருகிறார்கள்.

இன்னொருவர் கேட்டார், கடைசி ஆளுக்காக நின்றால் மற்றவர்கள் பகல் வெயிலில் மாட்டிக்கொள்ள மாட்டார்களா என்று. நியாயமான கேள்வி. பதில் என்னவென்றால், நிற்க வேண்டியது பாலத்தில் மட்டும் அல்ல, அதற்கு வெகு முன்னாலும்தான். மூன்று மைலில் ஸ்கெலட்டன் பாயிண்ட் வருகிறது. அங்கே எல்லாரும் சேரும்வரை உட்காருங்கள், கடைசியாக வந்தவர் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள், முட்டியைக் கேளுங்கள், என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். மெதுவாக வந்துடுறேன் என்று யாராவது சொன்னால், அந்த நாள் அங்கேயே முடிந்தது என்று அர்த்தம், குழு முழுக்கத் திரும்ப வேண்டும். கசப்பாகத்தான் இருக்கும். ஆறு கண்ணுக்குத் தெரிகிற இடத்திலிருந்து திரும்புவது எனக்கும் கசந்திருக்கிறது, இரண்டு தடவை திரும்பியிருக்கிறேன். முழுக் குழுவும் திரும்ப முடியாதென்றால் பொறுப்பான இரண்டு பேர் அவரோடு மேலே போக வேண்டும், அது யார் என்பதை விளிம்பிலேயே பேசி வைத்திருக்க வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் டிப்ஆஃபில் அவசரத் தொலைபேசி இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் கையால் காட்டிவிட்டு நகருங்கள்.

அனுபவம் உள்ளவரை முன்னால் விடுகிறீர்கள், எல்லாக் குழுவிலும் இதே கதைதான். அவரைக் கடைசியில் விடுங்கள். முன்னால் நடக்க வேண்டியவர் குழுவிலேயே மெதுவானவர். நான் இதைச் செய்ய ஆரம்பித்தபோது வேகக்காரர்கள் முதல் ஒரு மணிநேரம் முணுமுணுத்தார்கள், அப்புறம் பேச்சு வந்தது, பாறையைப் பார்க்க நேரம் வந்தது, அடுக்கடுக்காகக் கல்லின் நிறம் மாறுவதைச் சின்னப் பிள்ளைகள் மாதிரி எண்ண ஆரம்பித்தார்கள். பைகளில் உப்புள்ள தின்பண்டம் இருக்கிறதா என்று கிளம்பும்போது பிரித்துப் பார்த்துவிடுங்கள், சொன்னால் போதாது.

கழுதை வரிசை வரும்போதும் குழு ஒன்றாக இருக்க வேண்டும். மலைப்பக்கமாக ஒதுங்கி, ஓட்டுகிறவர் சொல்கிறபடி அசையாமல் நின்று, கடைசிக் கழுதை 50 அடி தாண்டிய பிறகுதான் நகர வேண்டும். பாலத்தில் அவை ஏறிவிட்டால் நாம் சுரங்கத்தில் காத்திருக்க வேண்டியதுதான். பாதிப் பேர் பாலத்தில், பாதிப் பேர் வளைவில் என்று சிதறிக் கிடக்கும் குழுவால் இதை ஒழுங்காகச் செய்ய முடிவதில்லை.

மே முதல் செப்டம்பர் வரை இந்த ஒருநாள் பயணத்தைப் போடவே போடாதீர்கள். காலை 10 முதல் மாலை 4 வரை கீழே நடக்காதீர்கள் என்று ரேஞ்சர்கள் சொல்லும் மாதங்கள் அவை. ஒரே நாளில் போய்த் திரும்பும் பயணத்தில் அந்த நேரத்தைத் தவிர்க்க வழியே இல்லை, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். முடிந்தால் ஓர் இரவு கீழே தங்கும்படி திட்டம் போடுங்கள். பிரைட் ஏஞ்சல் முகாமுக்கு அனுமதி வாங்க வேண்டும், அங்கே கீழே உள்ள ஃபாண்டம் ரான்ச் விடுதியில் இடம் வேண்டுமென்றால் குலுக்கலில் 15 மாதம் முன்பே பெயர் கொடுக்க வேண்டும். பொறுமை வேண்டும்தான். அப்புறம், பொதுவில் அறிவித்து ஆள் சேர்த்து ஒரே நாளில் உள்பள்ளத்தாக்குக்கு நடத்திச் செல்வதற்கே பூங்காவிடம் தனி அனுமதி வாங்க வேண்டும், ஒரு குழுவில் 30 பேருக்கு மேல் போகக் கூடாது. நான் பேசிய ஒருங்கிணைப்பாளர்கள் பலருக்கு இது தெரிந்திருக்கவே இல்லை. தெரிந்த பிறகும் வாங்காமல் வருவது சரியில்லை.

கடைசியாக ஒன்று. வெள்ளிப் பாலத்தைத் தாண்டி, ஆற்றோர மணலில் கால் புதைய நடந்து, பிறகு ஏறி ஏறி வந்தால், விளிம்புக்கு நாலரை மைல் கீழே பெரிய மரங்களும் ஓடையுமாக ஒரு பச்சைத் திட்டு வரும். எல்லாரும் பையை இறக்கிவிட்டு மூச்சு விடும் இடம். 2022 நவம்பரிலிருந்து அதன் பெயர் ஹவாசுபாய் கார்டன்ஸ். அதற்கு முன் இந்தியன் கார்டன் என்று வைத்திருந்தார்கள். அது ஹவாசுபாய் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து பயிர் செய்த நிலம். பூங்கா வந்தபின் அவர்களை அங்கிருந்து வெளியேற்றினார்கள். கடைசியாக இருந்தவர் கேப்டன் பர்ரோ, அவரையும் அனுப்பிய ஆண்டு 1928.

பாலம் முடிந்ததும் அதே ஆண்டு. அந்த மக்களில் 42 பேர் வடத்தைத் தோளில் சுமந்து ஆற்றுக்கு இறக்கினார்கள், அதே காலத்தில் அவர்களில் ஒருவரை அவருடைய தோட்டத்திலிருந்து கிளம்பச் சொன்னார்கள். நாம் காலையில் அவர்கள் சுமந்த வடத்தின் கீழ் கடக்கிறோம், மாலையில் அவர்களுடைய தோட்டத்து நிழலில் உட்கார்ந்து தண்ணீர் பிடிக்கிறோம். இதை உங்கள் குழுவுக்கு விளிம்பிலேயே, முதல் அடி எடுத்து வைப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். எந்த இடத்தில் காலை வைக்கிறோம் என்று தெரிந்தவர் பாலத்தில் படம் எடுத்த கையோடு ஓட மாட்டார், நான் கூட்டிப் போனவர்களிடம் பார்த்திருக்கிறேன். ஒருத்தர் வடத்தை ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தானாகவே சுரங்கத்துக்குள் திரும்பிப் போய், பின்னால் வந்துகொண்டிருந்தவரின் பையை வாங்கிக்கொண்டு வந்தார்.

வருகிற அக்டோபர் நடுவில் நான் மறுபடி இறங்குகிறேன். முகாமில் இரண்டு இரவுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது, ஆறு பேர். அக்காவும் வருகிறார். ஒரு வருடமாக முட்டிக்குப் பயிற்சி செய்துவிட்டு, போன மாதம் அவரே கூப்பிட்டுக் கேட்டார், "அந்தப் பாலத்தை நான் சரியாப் பார்க்கவே இல்லை தம்பி, இன்னொரு தடவை கூட்டிட்டுப் போறியா" என்று. இந்த முறை அவர்தான் முன்னால் நடக்கிறார், அவர் மகன் அவருக்குப் பின்னால், நான் கடைசியில். உங்களில் யாராவது அந்த வாரம் குழுவோடு வருவதாக இருந்தால், சுரங்கத்துக்குள் ஆறு பேரும் சேரும்வரை உட்கார்ந்திருப்போம், வந்து எங்களோடு உட்காருங்கள்.

அன்புடன்,
உங்கள் குழுக்களில் ஒன்றோடு முதன்முதலில் அந்தப் பாலத்துக்கு வந்தவன்